ராசியாப் போயாச்சு, காசு எப்போ வரும்? கடலூர் சமரச மையமும் மக்கள் நீதிமன்றமும்: ஒரு சேவை மதிப்புரை

கைமாத்து வாங்கிய மச்சான் திருப்பித் தரவில்லை. முந்திரிக்கொட்டைக்கு முன்பணம் வாங்கிய வியாபாரி சரக்கு அனுப்பவில்லை. இரண்டு பேர் பங்கு போட்டு வாங்கிய படகை ஒருவரே ஓட்டிக்கொண்டிருக்கிறார். பெரிய அண்ணன் பாகம் பிரிக்க மனசில்லாமல் இழுக்கிறார். எதிராளியை நாளைக்கும் ஒரு காதுகுத்தில், ஒரு கருமாதியில் பார்த்தாக வேண்டிய வழக்குகள் இவை. இவற்றுக்காகத்தான் கடலூர் ஒருங்கிணைந்த நீதிமன்ற வளாகத்தில் சமரச மையமும் மக்கள் நீதிமன்றமும் இருக்கின்றன. கட்டணம் கிடையாது. வக்கீல் வைத்துக்கொள்ளலாம், கட்டாயமில்லை.

சேவை நல்ல சேவை. ஆனால் அது என்ன தரும், என்ன தராது என்று தெரிந்துகொண்டு போக வேண்டும். மனக்கசப்பைக் கரைக்க ஓர் இடம் தரும். எதிராளி சொன்ன சொல்லைக் காப்பாற்றுவார் என்ற உத்தரவாதத்தைத் தராது. தருவதாக அங்கே யாரும் சொல்லவும் இல்லை. மன்னிப்பது கையெழுத்துப் போடும் அன்றைக்கே முடிந்துவிடலாம். நம்பிக்கை அன்றைக்கு வராது, வரவேண்டிய அவசியமும் இல்லை. இந்த இரண்டையும் ஒன்றாகக் கட்டிக்கொண்டு உள்ளே போகிறவர்கள் இரண்டு விதமாகக் கெடுகிறார்கள். ஒருவர், "இவனை இனிமே நம்ப முடியாது, அதனால ராசிக்கே வரமாட்டேன்" என்று எழுந்து போகிறார். இன்னொருவர், "மன்னிச்சாச்சு, அப்புறம் எதுக்கு ஜாமீனும் செக்கும், நம்ம பையன்தானே" என்று நாலு வரியில் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, ஆறு மாசம் கழித்து அதே வராந்தாவில் நிற்கிறார். நஷ்டம் அதிகம் இரண்டாமவருக்குத்தான்.

ஒரே வளாகம், இரண்டு வாசல்

புதிதாகப் போகிறவர்கள் இங்கேதான் முதலில் குழம்புகிறார்கள். சமரச மையம் வேறு, மக்கள் நீதிமன்றம் வேறு.

சமரச மையத்துக்குப் பெரும்பாலும், ஏற்கெனவே நடக்கும் வழக்கை நீதிபதியே அனுப்புவார். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 89-ஆம் பிரிவு அதற்கான வழி. சென்னை உயர் நீதிமன்றத்தில் 2005-ல் தொடங்கிய சமரச மையத்தின் கிளையாக மாவட்டங்களில் இவை வந்தன. பயிற்சி பெற்ற சமரசர் ஒருவர் உட்கார்ந்து இரு தரப்பையும் பேசவைப்பார். தீர்ப்புச் சொல்ல அவருக்கு அதிகாரம் இல்லை. பேசி முடிந்தால் ஒப்பந்தம் எழுதி, அது வழக்கு நடக்கும் நீதிமன்றத்துக்குப் போய், அங்கே ஆணையாக மாறும். முடியாவிட்டால் "சமரசம் ஏற்படவில்லை" என்ற ஒற்றை வரி போகும். யார் முரண்டு பிடித்தார், யார் எவ்வளவு கேட்டார் என்பது அதில் இருக்காது.

மக்கள் நீதிமன்றம் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் கையில். 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி நடப்பது. இதற்கு வழக்கே போட்டிருக்க வேண்டியதில்லை; வெள்ளைத் தாளில் மனு கொடுத்தால் எதிர்த்தரப்புக்கு அறிவிப்பு அனுப்பிக் கூப்பிடுவார்கள். அவர் வராவிட்டால் இழுத்துவர முடியாது, அத்தோடு முடிந்தது. வந்து, இரு தரப்பும் ஒத்துக்கொண்டால் அந்த அமர்வே தீர்வாணை போடும். வளாகத்தில் எல்லாரும் அதை "அவார்டு" என்பார்கள். அதற்கு உரிமையியல் நீதிமன்றத் தீர்ப்பின் பலம் உண்டு. மேல்முறையீடு கிடையாது. இந்த மேல்முறையீடு இல்லாமை என்பது இரண்டு பக்கமும் கூரான கத்தி. எதிராளி இழுத்தடிக்க முடியாது, சரி. நீங்கள் அவசரத்தில் ஓட்டையாக எழுதிய வரியையும் அப்புறம் திருத்த முடியாது.

எதற்கு எது? மனசு அதிகம் புண்பட்ட, பல வருஷக் கதை உள்ள வழக்குகளுக்குச் சமரச மையம். தொகை மட்டுமே பாக்கி என்றால் மக்கள் நீதிமன்றம் போதும். தேசிய மக்கள் நீதிமன்றம் நடக்கும் சனிக்கிழமைகளில் ஒரே நாளில் ஏகப்பட்ட வழக்குகள் வரிசையில் நிற்கும். அண்ணன் தம்பி இருபது வருஷக் கதையை அன்றைக்குப் பேசி முடிக்க முடியாது. அந்த நாளுக்குப் போகிறவர்கள் பேச்சை வீட்டிலேயே முடித்து, நிபந்தனைகளைத் தட்டச்சு செய்து எடுத்துக்கொண்டு போவது உத்தமம்.

ஓர் எச்சரிக்கை. கைக்கடனுக்கும் புரோநோட்டுக்கும் வழக்குப் போடும் காலக்கெடு பொதுவாக 3 வருஷம். சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுத்துவிட்டோமே, கெடு நின்றிருக்கும் என்று எண்ணிக்கொண்டிருக்காதீர்கள். மூன்றாவது வருஷத்தின் கடைசி மாதங்களில் இருந்தால், முதலில் எதிராளியிடம் கையெழுத்திட்ட கடன் ஒப்புகை ஒன்று வாங்குங்கள். கெடு முடிவதற்குள் வாங்கிய எழுத்துப்பூர்வ ஒப்புகைக்கு அன்றிலிருந்து புதிதாக 3 வருஷம் கிடைக்கும். கையெழுத்துப் போட மறுக்கிறார் என்றால், வழக்கைப் போட்டுவிட்டு அதற்குள்ளிருந்தே சமரசம் கேளுங்கள். வழக்குப் போட்டால் உறவு முறிந்துவிடும் என்று பயந்து, கெடுவைத் தவறவிட்டு, காசும் போய் உறவும் போன கதைகளுக்கு நம் மாவட்டத்தில் பஞ்சமில்லை.

அறைக்குள் நடப்பது

இந்தச் சேவையின் சிறந்த பாகம் இதுதான். முதலில் இரு தரப்பும் சேர்ந்து உட்காரும் அமர்வு. பிறகு சமரசர் ஒவ்வொருவரிடமும் தனியாகப் பேசுவார். தனியாகச் சொன்னதை உங்கள் அனுமதி இல்லாமல் மறுபக்கம் சொல்லமாட்டார். அறைக்குள் பேசிய எதுவும் நீதிமன்றத்தில் சாட்சியம் ஆகாது.

இந்த ரகசியம்தான் மன்னிப்புக்கு வாசல் திறக்கிறது. வெளியே, "ஆமாங்க மாமா, தப்புப் பண்ணிட்டேன், உங்க காசை எடுத்துத்தான் வேன் வாங்கினேன்" என்று ஒருவர் சொன்னால் அது ஒப்புதல். எதிர் வக்கீல் பிடித்துக்கொள்வார். அதனால் வாயே திறக்கமாட்டார். அறைக்குள் அந்தப் பயம் இல்லை. வருஷக்கணக்கில் போனை எடுக்காதவர் அரை மணியில் உடைந்து அழுவது அங்கே சாதாரணம். கேட்கிறவருக்கும் பெரும்பாலும் காசை விட அந்த ஒரு வார்த்தைதான் தேவையாக இருந்திருக்கும்.

ஆனால் அதே ரகசியத்தின் மறுபக்கத்தையும் பாருங்கள். உள்ளே அழுதது வெளியே வராது. "தை பொறந்ததும் முழுசா கட்டிடுறேன், என் பிள்ளை மேல சத்தியம்" என்று சொன்னதும் வராது. வெளியே வருவது தாளில் எழுதியது மட்டும். தாளில் இல்லாத வாக்குறுதியை எந்த நீதிமன்றத்திலும் நிறைவேற்றக் கேட்க முடியாது. ஆகவே அறைக்குள் மன்னிப்பைத் தாராளமாகக் கொடுங்கள், வாங்குங்கள். தாளை எழுத உட்காரும்போது, எதிரே இருப்பவரை இன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பார்க்கிறோம் என்று வைத்துக்கொண்டு எழுதுங்கள். அவரை அவமானப்படுத்துவதாக அர்த்தமில்லை.

நல்ல சமரசர் இதைத் தானே சொல்லுவார். வேகமாக முடிக்கப் பார்க்கிறவர் "எல்லாம் நல்லபடியாப் பேசியாச்சு, பிரதிவாதி தவணை முறையில் செலுத்தச் சம்மதிக்கிறார்னு எழுதிடலாம்" என்பார். எத்தனை தவணை, எந்தத் தேதி, தவறினால் என்ன என்று நீங்கள்தான் கேட்க வேண்டும்.

தாளில் என்ன இருக்க வேண்டும்

ஒரு கணக்கு வைத்துப் பார்ப்போம். அசல் 3,00,000 ரூபாய். ஆண்டுக்கு 12 சதவீதம், இரண்டு வருஷம், வட்டி 72,000. மொத்தம் 3,72,000. கொடுத்தவர் வட்டியை விட்டுக்கொடுக்கிறார். அன்றைக்கே 60,000 கைக்கு வருகிறது. மீதி 2,40,000, மாசம் 10,000 வீதம் 24 தவணை.

பலபேர் இதை எழுதும் விதம்: "பிரதிவாதி ரூ. 3,00,000 செலுத்த வேண்டியது. தவணை தவறினால் கூடுதலாக ரூ. 72,000 அபராதம்." தப்பு. அபராதம் என்று எழுதியதை, ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆம் பிரிவைக் காட்டி, இது தண்டனை, நியாயமான அளவுக்குக் குறைக்க வேண்டும் என்று எதிர்த்தரப்பு வாதாட இடம் கிடைக்கும். சரியான விதம்: "பிரதிவாதி ரூ. 3,72,000 பாக்கி என்று ஒப்புக்கொள்கிறார். கீழ்க்கண்ட தேதிகளில் தவறாமல் செலுத்தினால் ரூ. 3,00,000-ஐ முழுத் தீர்வாக ஏற்க வாதி சம்மதிக்கிறார். தவறினால் இந்தச் சலுகை ரத்தாகி, முழுத் தொகையில் செலுத்தியது போக மீதி உடனே செலுத்தத்தக்கது." தொகை ஒன்றேதான். முதலாவதில் அது தண்டனை. இரண்டாவதில் அது சலுகையை இழப்பது. முழுக் கடனை ஒப்புக்கொண்டு, நேரத்துக்குக் கட்டினால் குறைத்துக்கொள்கிறேன் என்பதை நீதிமன்றங்கள் தண்டனையாகப் பார்ப்பதில்லை. வட்டியை மன்னித்ததும் நிஜம், அந்த மன்னிப்பு இருபத்து நாலாவது தவணை வந்த பிறகே முழுதாகக் கைமாறும் என்பதும் நிஜம். இரண்டும் ஒரே பத்தியில் அடங்கிவிட்டது.

"தவறினால்" என்பதையும் அப்படியே விடக்கூடாது. ஒரு நாள் தாமதத்துக்கே எல்லாம் ரத்து என்றால் கட்டுகிறவர் நொந்துபோவார். ஒன்றுமே எழுதாவிட்டால் 24-ஆவது தவணைத் தேதி வரை காத்திருக்க வேண்டும் என்று சொல்லிவிடுவார்கள். ஒவ்வொரு மாசமும் 10-ஆம் தேதி, 7 நாள் அவகாசம், அடுத்தடுத்து இரண்டு தவணை தவறினால் மீதி மொத்தமும் உடனே. இந்த அளவு இரு பக்கத்துக்கும் தாங்கும்.

தவணைத் தேதியைக் கட்டுகிறவரின் வருமானத்தைப் பார்த்துப் போட வேண்டும். நம் பக்கத்தில் இது ரொம்ப முக்கியம், அச்சடித்த படிவங்களில் கவனிக்கப்படாததும் இதுதான். விசைப்படகு வைத்திருப்பவருக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. அந்த இரண்டு மாசத்திலும் 10,000 கட்டு என்று எழுதினால், தடை முடிவதற்குள் இரண்டு தவணை தவறி, ஒப்பந்தம் முறிந்து, "பாத்தியா, மறுபடி ஏமாத்திட்டான்" என்று ஆகிவிடும். அவர் ஏமாற்றவில்லை, தாள் ஏமாற்றியது. அந்த இரண்டு மாசத்தைத் தள்ளி, ஜூலையிலும் ஆகஸ்டிலும் இரட்டைத் தவணை போடுங்கள். பண்ருட்டிப் பக்கம் முந்திரித் தோப்பு, பலாத் தோப்பு வைத்திருப்பவருக்கு மாசத் தவணையே வேண்டாம். கோடையில் சரக்கு போட்டு முடிந்ததும் பெரிய தொகையாக ஒன்று, மீதியைச் சிறுசிறு தவணையாக. ஐப்பசி, கார்த்திகையில் புயலும் வெள்ளமும் வரும் மாவட்டம் இது. அந்த மாசங்களில் குறைந்த தொகை வைப்பது இரக்கத்தால் அல்ல, கணக்கால். கட்ட முடியாத தவணையை வைத்துவிட்டு ஒருவர் நாணயஸ்தரா இல்லையா என்று சோதிக்க முடியாது. தவறினவர் முடியாமல் தவறினாரா, மனசில்லாமல் தவறினாரா என்று உங்களுக்கே தெரியாமல் போய்விடும்.

கட்டும் முறை: வங்கிக் கணக்கு வழியாக மட்டும். கணக்கு எண், வங்கிக் கிளையின் குறியீட்டு எண் இரண்டையும் ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். ரொக்கம் வேண்டாம். வருமான வரிச் சட்டம், 20,000 ரூபாயோ அதற்கு மேலோ நிலுவை உள்ள கடனை ரொக்கமாகத் திருப்புவதற்கே தடை வைத்திருக்கிறது. அதைவிட அன்றாடக் காரணம், "போன மாசம் உங்க வீட்டு அம்மா கையில குடுத்தேனே" என்ற பேச்சுக்கு இடம் இல்லாமல் போகும். பாஸ்புக்கில் வரிசையாக இறங்கும் பத்தாயிரங்களைப் பார்க்கிற கண்ணுக்கு, ஒரு வருஷம் போனால் அந்த மனிதர் வேறு மாதிரித் தெரிய ஆரம்பிப்பார். நம்பிக்கை திரும்ப முளைப்பது என்றால் இப்படித்தான் முளைக்கும். யாரும் சொல்லி வரவைக்க முடியாது.

செக், ஜாமீன், சம்பளம்

பின்தேதியிட்ட செக் வாங்கலாம். 24 செக்கையும் எண் போட்டு ஒப்பந்தத்தில் பட்டியலிட வேண்டும். ஒவ்வொரு செக்கும் அதில் எழுதிய தேதியிலிருந்து 3 மாசம்தான் செல்லும். "பாவம், அடுத்த மாசம் போடுறேன்" என்று இரக்கப்பட்டு வைத்துக்கொண்டே இருந்தால் அது வெறும் தாள். திரும்பி வந்தால், வங்கி தகவல் தந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் நோட்டீஸ், நோட்டீஸ் கிடைத்ததிலிருந்து பணம் கட்ட 15 நாள், அது கழிந்ததும் ஒரு மாசத்துக்குள் புகார். செக்கை உங்கள் கணக்கு இருக்கும் கடலூர்க் கிளையிலேயே போடுங்கள்; வழக்கு நடக்கும் ஊர் அதை வைத்துத்தான் அமையும். தேதியில்லாத வெற்றுச் செக் மட்டும் வாங்காதீர்கள். அதை வாங்குவதன் பொருள், எதிராளி உங்களை முழுசாக நம்ப வேண்டும் என்பது. நீங்கள் அவரை நம்பத் தயாரில்லாதபோது அதை அவரிடம் கேட்பது நியாயமில்லை. பின்னால் சண்டையும் அதிலிருந்துதான் கிளம்பும்.

ஜாமீன்தாரர் விஷயத்தில் அடிக்கடி நடக்கும் தவறு, அவரைச் சாட்சிக் கையெழுத்துக் கட்டத்தில் போடவைப்பது. சாட்சி, ஜாமீன் ஆகமாட்டார். "பிரதிவாதி தவறினால் மீதித் தொகைக்கு நான் பொறுப்பு" என்று அவர் பெயர், முகவரி, ஆதார் நகலோடு ஒரு தனிப் பத்தி வேண்டும். மாமனாரோ சித்தப்பாவோ இதற்குச் சம்மதிக்கத் தயங்கினால் அந்தத் தயக்கத்தையும் ஒரு தகவலாகக் குறித்துக்கொள்ளுங்கள். உங்களை விட அவர்களுக்கு அந்தப் பையனை அதிகம் தெரியும்.

எதிராளி நெய்வேலியிலோ சிப்காட்டிலோ மாசச் சம்பளக்காரர் என்றால் "சம்பளத்தை ஜப்தி பண்ணிக்கலாம்" என்ற தைரியம் எல்லாருக்கும் வருகிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். சம்பளத்தில் முதல் 1,000 ரூபாயும், மீதியில் மூன்றில் இரண்டு பங்கும் ஜப்திக்கு உட்படாது. 22,000 சம்பளம் என்றால் 21,000-ல் மூன்றில் ஒன்று, மாசம் 7,000. அதுவும் ஒரே தீர்ப்புக்காக மொத்தம் 24 மாசம்தான். அதற்கு மேல் அந்தத் தீர்ப்புக்காகச் சம்பளத்தைத் தொட முடியாது. ஆக 1,68,000. 3,72,000 பாக்கி இருப்பவரிடம் பாதிகூட வராது. சம்பளத்தை மட்டும் நம்பி மற்றப் பிணையை விட்டுவிடக் கூடாது என்பதற்கு இந்தக் கணக்கே போதும்.

இன்னொரு பக்கம் இருக்கிறது. கடன் வாங்கியவரும் ஏமாறலாம். 24 தவணையும் ஒழுங்காகக் கட்டி முடித்த பிறகு பழைய புரோநோட்டு, கடன் கொடுத்தவர் பெட்டியிலேயே இருக்கும். அது அவர் மகன் கையில் போய், புதிதாக ஒரு நோட்டீஸ் வரும். அவரிடமிருக்கும் ஆவணங்கள் எவை என்று தேதி, தொகை, எண்ணோடு பட்டியல் போட்டு, "கடைசித் தவணை வந்த 7 நாளுக்குள் திருப்பித் தரவேண்டும், இந்தப் பட்டியலில் இல்லாத எந்த ஆவணத்தையும் வைத்து இனி உரிமை கோர முடியாது" என்று கேட்டு எழுதி வாங்குங்கள். "என் மேலயே சந்தேகமா?" என்பார். "உங்க மேல இல்ல மாமா, பெட்டி மேல" என்று சொல்லலாம்.

வள்ளுவர் இதில் நல்ல கணக்குப்பிள்ளை. பொறுத்துக்கொள்வதைப் பொறையுடைமை என்று பதினாறாம் அதிகாரமாக அறத்துப்பாலில் வைத்தார். ஒருவரை நம்புவதைத் தெரிந்து தெளிதல் என்று ஐம்பத்தோராம் அதிகாரமாகப் பொருட்பாலில் வைத்தார். நடுவே முப்பத்தைந்து அதிகாரத் தூரம். முதலாவது மனசின் கணக்கு, இரண்டாவது காரியத்தின் கணக்கு. பழைய தமிழில் "தெளிதல்" என்றாலே நம்புதல்தான். கலங்கின தண்ணீரைத் தெளியவிடுவது மாதிரி. அவசரப்பட்டுக் கலக்கினால் தெளியாது.

புருஷன் பெண்டாட்டி வழக்குகள்

இந்தச் சேவையை மிகவும் எச்சரிக்கையோடு பயன்படுத்த வேண்டியது இங்கேதான். "சேர்ந்து வாழச் சம்மதம்" என்று எழுதி, ஜீவனாம்ச வழக்கையும் மற்ற மனுக்களையும் அன்றைக்கே முடித்துவிட்டு வீட்டுக்கு அனுப்பும் வழக்கம் ஊர்ப் பஞ்சாயத்தில் உண்டு. சமரச மையத்தில் அப்படிச் செய்யச் சம்மதிக்காதீர்கள். கணவரை மன்னித்துவிட்டீர்கள், ஒரு தடவை பார்க்கலாம் என்று தோன்றுகிறது என்றால், வழக்கை முடிக்காமல் மூன்று மாசம் தள்ளிவைக்கக் கேளுங்கள். தள்ளிவைத்த தேதியில் இருவரும் வந்து நிலைமையைச் சொல்வது என்று பதியச் சொல்லுங்கள். இடைப்பட்ட காலத்தில் எங்கே தங்குவது, மாசம் எவ்வளவு உங்கள் கணக்கில் வரும், நகை யாரிடம் எத்தனை சவரன், பிள்ளையின் பள்ளிக் கட்டணம் யார், குடியை நிறுத்தச் சிகிச்சைக்குப் போகிறேன் என்று சொன்னவர் எங்கே, எந்தத் தேதியில் போகிறார், இவை எல்லாம் தாளில் வேண்டும். "இனிமேல் நல்லபடியாக நடந்துகொள்வார்" என்ற வரி ஒப்பந்தத்தில் அலங்காரம்தான். நடந்தாரா இல்லையா என்று எதை வைத்து அளப்பது?

அடி, மிரட்டல் இருந்த வீட்டுக்கு, மன்னித்த ஒரே காரணத்துக்காகத் திரும்பிப் போக வேண்டியதில்லை. மன்னித்துவிட்டுத் தனியாக இருக்கலாம். பிரிந்தே வாழ்வது என்ற நிபந்தனையோடும் சமரசம் எழுதலாம், அதுவும் முழுச் சமரசம்தான். அறைக்குள் ஒரே மேசையில் உட்காரப் பயமாக இருந்தால் தனித்தனி அமர்வாகவே நடத்தச் சொல்லலாம். எந்த நிமிஷத்திலும் எழுந்து வரும் உரிமை உண்டு. அவசரத்துக்குப் பெண்கள் உதவி எண் 181. சட்ட உதவிக்கு 15100. பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமலே இலவச வக்கீல் கிடைப்பார். சமரசத்துக்கு ஒத்துவராத குற்ற வழக்குகளை மக்கள் நீதிமன்றம் எடுக்கவே முடியாது என்பதும் தெரிந்திருக்கட்டும்.

பாகப்பிரிவினைக்கு ஒரே ஒரு குறிப்பு. வழக்கில் சொல்லப்படாத ஒரு மனையை, "அதையும் சேத்து இப்பவே முடிச்சிடலாம்" என்று சமரசத்தில் நுழைத்தால், அந்த மனையைப் பொறுத்தவரை தீர்ப்பைப் பத்திரப் பதிவு செய்தாக வேண்டும். பதியாமல் விட்டுவிட்டு, பத்து வருஷம் கழித்து விற்கப் போகும்போதுதான் தெரியும். சர்வே எண், நான்கு எல்லை, யார் பட்டா மாற்றுவது, செலவு யாருடையது, சாவி எந்தத் தேதியில் கைமாறும். படகுப் பங்கு என்றால் பதிவுச் சான்று யார் பெயரில், என்ஜின் யாருக்கு, வலை யாருக்கு, டீசல் மானியம் இனி யார் எடுப்பது. "சுமுகமாகப் பிரித்துக்கொள்வது" என்று எழுதினால் சுமுகம் அந்த மத்தியானம் வரைதான்.

செலவும் மதிப்பெண்ணும்

தமிழ்நாட்டில் பண வசூல் வழக்குக்கு நீதிமன்றக் கட்டணம் 3 சதவீதம். 2017-க்கு முன் ஏழரையாக இருந்தது. 3,72,000-க்கு 11,160 ரூபாய். சமரசத்தில் முடிந்தால் கட்டிய கட்டணம் முழுதும் திரும்ப வரும், ஆனால் அதைக் கேட்டு வாங்க வேண்டும். ஒப்பந்தத்திலேயே "வாதி நீதிமன்றக் கட்டணத்தைத் திரும்பப் பெற உரிமையுடையவர்" என்று ஒரு வரி சேர்த்தால் அப்புறம் அலையவேண்டாம்.

மதிப்பெண் கேட்பவர்களுக்கு: மனசை இறக்கிவைக்க, ஐந்துக்கு நாலரை. அரைக் குறை, தேசிய மக்கள் நீதிமன்ற நாள் கூட்டத்துக்காக. ஒப்பந்தம் எழுதும் தரத்துக்கு மூன்று. நீங்கள் தயாராகப் போனால் நாலு. எதிராளி நம்பத்தக்கவரா என்ற கேள்விக்கு மதிப்பெண் இல்லை, அது அங்கே விற்கும் சரக்கே இல்லை. ஊர்ப் பெரியவர்களின் பஞ்சாயத்தோடு ஒப்பிட்டால், பஞ்சாயத்தில் பேச்சு சூடாகவும் சுவையாகவும் இருக்கும், மன்னிப்பும் சீக்கிரம் கிடைக்கும். ஆனால் தவறினவரை மறுநாள் பிடிக்க அதனிடம் ஒன்றும் இல்லை. இங்கே வாங்கிய ஆணையை வைத்து 12 வருஷம் வரை நிறைவேற்று மனுப் போடலாம். வக்கீல்கள் பாஷையில் "இ.பி. போடுறது".

புதுச்சேரிக்காரர்களுக்கு: உங்கள் பகுதிக்குத் தனிச் சட்டப் பணிகள் ஆணையம் இருக்கிறது. தீர்வாணையின் பலமும் மேல்முறையீடு இல்லாமையும் அங்கும் அதேதான்; நீதிமன்றக் கட்டண விகிதம் மட்டும் வேறு சட்டம், மேலே சொன்ன கணக்கை அப்படியே போடாதீர்கள். கொடுத்தவர் பாகூரிலும் வாங்கியவர் ரெட்டிச்சாவடியிலும் இருந்தால், மனுவைக் கொடுப்பதற்கு முன் எந்த மாவட்டம் என்று சட்ட உதவி வக்கீலிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சோதனைச்சாவடிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வேறு வேறு நீதிமன்றம்.

போகும் நாளில் எடுத்துச்செல்ல வேண்டியவை: ஆதார் அசலும் இரண்டு நகலும், புரோநோட்டு அசல், வங்கிக் கணக்கு அறிக்கை, பாஸ்புக் முதல் பக்க நகல், கடன் கொடுத்த நாளிலிருந்து நடந்ததைத் தேதிவாரியாக எழுதின ஒரே பக்கம், நீங்களே எழுதிப் பார்த்த தவணை அட்டவணை. கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒப்பந்தத்தைத் தமிழில் முழுசாகப் படித்துக்காட்டச் சொல்லுங்கள். இரண்டு பக்கமும் கையெழுத்தான பிறகு, சான்றிட்ட நகலுக்கு மனுக் கொடுத்துவிட்டுத்தான் வாசல் தாண்ட வேண்டும். முதல் தவணைத் தேதியைக் காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள். வெளியே டீக்கடையில் எதிராளி உங்களுக்கும் சேர்த்துக் காசு கொடுக்க வந்தால் கொடுக்கட்டும். அதைத் தவணையில் கழிக்கவேண்டாம்.